பையில் இடிக்காத கத்தி

என் மடக்குக் கத்தியின் அலகு 9 செ.மீ. அது கைப்பிடிக்குள் அடங்க வேண்டுமே. ஆகவே கைப்பிடி 11 செ.மீ.க்கும் மேல். உட்கார்ந்தாலே தொடையில் இடிக்கும். விரித்தால் பக்கத்தில் இருப்பவர் முகமும் மாறும்!

அன்றாடம் எதை வெட்டுகிறேன் என்று கவனித்தேன்: பார்சல் நாடா, கயிறு, எப்போதாவது ஒரு பழம். பழத்தைத் தவிர மற்றதற்கெல்லாம் நுனியிலிருந்து 3 செ.மீ. போதும். பழத்தைச் சுற்றிச் சுற்றி அறுத்துக்கொள்ளலாம். எனவே 7 செ.மீ. அலகுக்கு மாறினேன், தொல்லை தீர்ந்தது.

5 செ.மீ. அலகையும் பார்த்தேன். கைப்பிடி குட்டை, நான்கு விரலுக்கும் இடமில்லை. அழுத்தி அறுக்கும்போது பிடி நழுவுகிறது; நீள அலகைவிட எனக்கு இதுதான் பயம்.

வாங்கும்முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். அதன் நீள வரம்பு அலகு முழுவதற்குமா, கூர் தீட்டிய பகுதிக்கு மட்டுமா என்பதையும் சேர்த்து.