தாய்க்கு ஹெபடைட்டிஸ் பி: குழந்தை பிறந்த அன்று நடக்கும் தவறுகள்

பிரசவத்தின்போது தாயிடமிருந்து ஹெபடைட்டிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) தொற்றும் குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அது நாள்பட்ட நோயாக நிலைத்துவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. தடுக்கக் கிடைப்பதோ சில மணி நேரம்.

கர்ப்ப காலத்தில் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை ஆற்காட்டில், தலைப்பிரசவம் குடியாத்தத்தில் அம்மா வீட்டில் என்பது இங்கே சகஜம். முடிவு எழுதிய அட்டை மாமியார் வீட்டு பீரோவிலேயே தங்கிவிடும். பிரசவ அறையில் விஷயம் தெரியாவிட்டால் இம்யூனோகுளோபுலினை (கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்பொருள் ஊசி) யார் எடுத்து வைப்பார்கள்? முடிவு கையில் இல்லாமல் வலியோடு வருபவருக்கு அங்கேயே ரேப்பிட் டெஸ்ட் செய்துவிட வேண்டும். "மஞ்சள் காமாலை வந்ததே இல்லையே" என்பது பதில் ஆகாது. கிருமி இருக்கும் பலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை.

அடுத்தது, குழந்தையின் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை வழக்கமான தடுப்பூசி நாளான புதன்கிழமைக்குத் தள்ளுவது. முதல் டோஸ் 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும், ஞாயிறானாலும் பொங்கலானாலும். 0.5 மி.லி., தொடையின் நடுவே வெளிப்பக்கத் தசையில், புட்டத்தில் கூடாது. எடை குறைவு என்றும் தள்ளக் கூடாது. ஒரு குழந்தைக்காகப் பத்து டோஸ் குப்பியைத் திறப்பதா என்ற தயக்கம் வேண்டாம்: முறைப்படி 2–8 டிகிரியில் வைத்தால் திறந்த குப்பியை 28 நாள் வரை பயன்படுத்தலாம். வேலூர் வெயிலில் எல்லோரும் சூட்டுக்குத்தான் பயப்படுகிறோம். இந்த ஊசிக்கு உறைவதுதான் பெரிய கேடு. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே குப்பியோடு ஒட்டவைத்துப் பீஞ்சமந்தை மலைக்கு அனுப்பினால் போய்ச் சேருவது மருந்தே அல்ல.

தாய் பாசிட்டிவ் என்றால் இம்யூனோகுளோபுலின் 0.5 மி.லி., முடிந்தவரை 12 மணி நேரத்துக்குள், மற்றத் தொடையில். ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. அது வரட்டும் என்று தடுப்பூசியை நிறுத்தி வைப்பது மோசமான தவறு.

தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. இதற்காக மட்டும் சிசேரியனும் வேண்டாம்.

கர்ப்பிணியின் ரத்தத்தில் வைரஸ் அளவு பார்க்காமல் விடுவதும் உண்டு. ஒரு மில்லிக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால் ஊசிகள் மட்டும் போதாமல் போகலாம். தாமதமானாலும் கர்ப்பத்தின் 28வது வாரத்திலாவது டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்குவார்கள். பிரசவம் முடிந்ததும் மருத்துவரைக் கேட்காமல் தாய் அதை நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கிளம்பக்கூடும்.

6, 10, 14 வார பெண்டாவேலன்ட் (ஹெபடைட்டிஸ் பி-யும் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசி) முடிந்தபின், 9 முதல் 12 மாதத்துக்குள் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை. அவசரப்பட்டுப் பிறந்த வாரமே செய்தால், தடுப்பூசியில் உள்ள புரதமே பாசிட்டிவ் காட்டி வீட்டைக் கலங்கடிக்கும். கிருமி இல்லை, ஆனால் எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிக்கு 10 மில்லி-யூனிட்டுக்குக் கீழே என்றால் மீண்டும் தடுப்பூசி போட வேண்டும்.