இரண்டு டிஏசிகளை வீட்டில் வைத்து ஒப்பிட்டுக் கேட்பது எப்படி

டிஜிட்டல் பாட்டு ஃபைலை ஆம்ப்ளிஃபயருக்கு (ஆம்ப்) ஏற்ற அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டிதான் டிஏசி. புது டிஏசி ஒன்றை மாட்டிய அன்றே "பாட்டுக்கு முன்னால் தொங்கிய திரை விலகிவிட்டது" என்று எழுதாதவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் குறைவு. விலகியிருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் நடந்திருப்பது வேறு, புதியது பழையதைவிடக் கொஞ்சம் சத்தமாகப் பாடுகிறது, அவ்வளவுதான். ஒரு டெசிபல் கூடினால் காது அதை "சத்தம் கூடிவிட்டது" என்று சொல்லாது. பேஸ் கெட்டியாக இருக்கிறது, குரல் முன்னே வருகிறது, இதுவரை கேட்காததெல்லாம் கேட்கிறது என்றுதான் சொல்லும். அதனால் ஒப்பிட உட்காருவதற்கு முன் நல்ல பாட்டைத் தேடாதீர்கள், மல்டிமீட்டரைத் தேடுங்கள்.

சத்தம் ஏன் மாறுகிறது? ஆர்சிஏ (வழக்கமான சிவப்பு-வெள்ளை பிளக்) வெளியீட்டில் 2 வோல்ட் என்பது சிடி பிளேயர் காலத்திலிருந்து வரும் வழக்கம், ஆனால் அதை எல்லோரும் துல்லியமாகக் கடைப்பிடிப்பதில்லை. ஒன்று 2 வோல்ட், இன்னொன்று 2.5 வோல்ட் என்றால் வித்தியாசம் கிட்டத்தட்ட 1.9 டெசிபல். ஒன்றை ஆர்சிஏயிலும் மற்றதை எக்ஸ்எல்ஆரிலும் (மூன்று முனை உள்ள பேலன்ஸ்டு பிளக்) மாட்டினால், எக்ஸ்எல்ஆர் பொதுவாக 4 வோல்ட் தரும், 6 டெசிபல் இடைவெளி வந்துவிடும். முடிந்தால் இரண்டையும் ஒரே வகைக் கேபிளில் மாட்டுங்கள்.

சமப்படுத்துவது இப்படி. 100 ஹெர்ட்ஸ் சைன் அலை ஃபைல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் (1000 ஹெர்ட்ஸ் வேண்டாம், விலை குறைந்த மல்டிமீட்டர்கள் அந்த அலைவரிசையில் சரியாக அளக்காமல் போகலாம்). ஆம்பின் வால்யூமைக் குறைத்து வைத்து அதை ஓடவிடுங்கள், மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் டெர்மினலில் அளங்கள். மீட்டரின் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று உரசிவிடக் கூடாது, உரசினால் ஆம்ப் போகலாம். ஆகவே ஃபைல் ஓடாத நேரத்திலேயே முனைகளைப் பொருத்திவிட்டு அப்புறம் ஓடவிடுவது நல்லது. முதல் டிஏசியில் 2.00 வோல்ட் வருகிறது, ஆம்பின் வால்யூமைத் தொடாமல் இரண்டாவதுக்கு மாற்றினால் 2.31 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2.31-ஐ 2.00-ஆல் வகுத்து, அதன் லாக் எடுத்து, 20-ஆல் பெருக்கினால் 1.25 டெசிபல். சத்தம் கூடின டிஏசியை அந்த அளவுக்கு இறக்க வேண்டும், பிளேயர் மென்பொருளிலோ அந்த டிஏசியின் சொந்த வால்யூமிலோ. மறுபடி அளங்கள். 2.00-க்கும் 2.02-க்கும் உள்ள வித்தியாசம் 0.09 டெசிபல், அங்கே நிறுத்திக்கொள்ளலாம். 0.1 டெசிபலுக்குள் வரும்வரை விடாதீர்கள், "காதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கிறது" என்பது இங்கே செல்லாது. டிஏசியின் வால்யூம் அரை டெசிபல் படிகளில்தான் நகரும் என்றால் அதை நம்பிப் பயனில்லை, மென்பொருள்தான் வழி. 24 பிட்டில் வெளியே அனுப்பும்போது ஒன்று இரண்டு டெசிபல் இறக்குவதால் காதுக்குத் தெரிகிற இழப்பு எதுவும் வராது.

அடுத்து, நீங்கள் கேட்பது உண்மையிலேயே அந்த டிஏசியைத்தானா என்று பாருங்கள். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஏவி ரிசீவரின் அனலாக் இன்புட்டில் டிஏசியை மாட்டினால், பல ரிசீவர்கள் அந்த அனலாக் சிக்னலைத் திரும்ப டிஜிட்டலாக்கி, உள்ளே வேலை முடித்து, தன்னுடைய டிஏசி வழியாகத்தான் வெளியே விடும். டைரக்ட் மோடில் போட்டால் ஒழிய, இரண்டு டிஏசிகளுக்குப் பின்னாலும் கடைசியாகப் பாடுவது ரிசீவர்தான். டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் சிப்) உள்ள, ஆம்பும் உள்ளேயே இருக்கிற பவர்டு ஸ்பீக்கர்களிலும் இதே கதை. கணினி பக்கம், விண்டோஸ் மிக்சர் எல்லாவற்றையும் தான் வைத்திருக்கிற சாம்பிள் ரேட்டுக்கு (நொடிக்கு எத்தனை மாதிரிகள் என்ற கணக்கு) மாற்றிவிடும், ஆகவே பிளேயரில் அந்த மிக்சரைத் தாண்டிப் போகும் வழிகளான வாசாபி எக்ஸ்க்ளூசிவ் அல்லது ஏசியோ தேர்ந்தெடுங்கள். சிடி தர ஃபைல் ஓடும்போது டிஏசியின் திரையில் 44.1 (கிலோஹெர்ட்ஸ்) என்று காட்டுகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். ஸ்ட்ரீமிங் ஆப்பில் சத்தத்தைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

மாற்றுவது சீக்கிரம் நடக்க வேண்டும். ஒலியின் நுணுக்கம் நினைவில் சில நொடிகள்தான் நிற்கும். ஒரு டிஏசியில் முழு ஆல்பம் கேட்டுவிட்டு, எழுந்து போய்க் கேபிளைக் கழற்றி, இன்னொன்றை மாட்டி, திரும்ப உட்கார்ந்து "மிட்ரேஞ்ச் இதில் இனிமை" என்பவர் சொல்வது தன் மனநிலையைப் பற்றி. ஆம்பில் இரண்டு லைன் இன்புட் இருந்தால் அதுவே போதும், இல்லாவிட்டால் சாதாரண ஆர்சிஏ சுவிட்ச் பெட்டி. பத்துப் பதினைந்து நொடித் துண்டுகளாகக் கேளுங்கள்: பியானோ நோட் ஒன்று தேய்ந்து அடங்கும் இடம், கைத்தட்டல், சிம்பல், பின்னணி அதிகம் இல்லாத ஒரு குரல். ஆயிரம் தடவை கேட்ட பாட்டாக இருந்தால் இன்னும் நல்லது.

இப்போது கண்ணைக் கட்டுகிற வேலை. வீட்டில் யாரையாவது பிடித்து சுவிட்ச் பக்கம் உட்கார வையுங்கள், நீங்கள் அவரைப் பார்க்காமல் திரும்பி உட்காருங்கள். முதலில் ஏ எது, பி எது என்று தெரிந்தே எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். அப்புறம் அவர் காசு சுண்டிப் பார்த்து ஒன்றைப் போடுவார், அதுதான் எக்ஸ். அது ஏ-வா பி-யா என்று நீங்கள் சொல்ல வேண்டும். இதையே பதினாறு தடவை செய்யுங்கள். அவர் பேசாமல் எழுதிக்கொண்டே வரட்டும், சரியா தவறா என்று நடுவில் சொல்லக்கூடாது. முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுகிற வீடுகள் உண்டு, அதற்காகத்தான் திரும்பி உட்காரச் சொன்னேன்.

இதில் ஒரு கள்ளவழியை அடைக்க வேண்டும். டிஏசிகளின் உள்ளே இருக்கும் டிஜிட்டல் ஃபில்டரால் வரும் தாமதம் ஒன்றுக்கொன்று மாறுபடும், ஓடும் பாட்டில் சட்டென்று மாற்றினால் தாளம் ஒரு துளி முன்னே பின்னே துள்ளும், சிலவற்றில் "டக்" என்று ஒரு சத்தமும் வரும். அதைப் பிடித்துக்கொண்டால் பதினாறுக்குப் பதினாறும் சரியாகச் சொல்லலாம், ஒலித் தரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனவே ஒவ்வொரு தடவையும் பாட்டை நிறுத்தி, மாற்றி, அதே துண்டை முதலிலிருந்து ஓடவிடுங்கள்.

எத்தனை சரியாக வந்தால் நம்பலாம்? 10-க்கு 7 என்று குதிக்காதீர்கள், குருட்டாம்போக்கில் சொன்னாலே ஏழோ அதற்கு மேலோ வர 17 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 16-க்கு 12 வந்தால் அந்த வாய்ப்பு 4 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது, அப்போது பேசலாம். 2007-இல் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டி இதழில் மேயரும் மொரானும் வெளியிட்ட சோதனையில், உயர் ரெசல்யூஷன் ஒலியை அப்படியேயும், 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கித் திரும்ப அனலாகாக்கியும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். 554 முயற்சிகளில் 276 சரி, அதாவது பாதிக்கும் ஒரு நூல் குறைவு. வால்யூமை மிக அதிகமாக ஏற்றியபோது மட்டும் 16 பிட்டின் இரைச்சல் தெரிந்தது.

அப்படியானால் எல்லா டிஏசியும் ஒன்றா? இல்லை. சோதனையில் தாக்குப்பிடிக்கிற வித்தியாசங்கள் உண்டு, அவை எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரிந்துகொண்டு தேடினால் நேரம் மிச்சம். ஓவர்சாம்ப்ளிங் (மாற்றும் முன் சாம்பிள் ரேட்டைப் பல மடங்கு கூட்டுவது) இல்லாத என்ஓஎஸ் வகை, தனியாகச் சரிக்கட்டாவிட்டால், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபைலில் 10,000 ஹெர்ட்ஸில் முக்கால் டெசிபலும் 20,000 ஹெர்ட்ஸில் 3 டெசிபலுக்குச் சற்று அதிகமாகவும் குறையும். "அனலாக் மாதிரி மென்மை" என்பதில் ஒரு பங்கு இதுதான். ஹெட்போன் வெளியீடும் சேர்ந்த பெட்டி என்றால் அதன் அவுட்புட் இம்பீடன்ஸை (வெளியீட்டின் மின்தடை) பாருங்கள், பல டிரைவர் உள்ள இயர்போன்களில் அது ஒலியின் சாய்வையே மாற்றிவிடும். பாட்டே இல்லாமல் வால்யூமை ஏற்றி ஹிஸ், ஹம் வருகிறதா என்று கேளுங்கள் (பிறகு மறக்காமல் இறக்கிவிட்டுப் பாட்டைப் போடுங்கள்). உச்ச சத்தத்தில் மாஸ்டர் செய்த பாட்டுகளில் சாம்பிள்களுக்கு நடுவே அலை முழு அளவைத் தாண்டும், அதற்கு இடம் விடாத டிஏசி அங்கே வெட்டிவிடும். மென்பொருளில் 3 டெசிபல் இறக்கி, ஆம்பில் அதே அளவு ஏற்றிக் கேட்டால் கரகரப்பு போகிறதா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. அடுத்தவர் கேட்டுச் சொன்னதை உங்கள் முடிவோடு ஒப்பிடும் முன் அவருடையது எந்தப் பதிப்பு என்று விசாரியுங்கள். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில், டிஏசி சிப் தயாரிக்கும் ஏகேஎம் நிறுவனத்தின் தொழிற்சாலை எரிந்த பிறகு பல தயாரிப்பாளர்கள் வேறு சிப்புக்கு மாறினார்கள், பெட்டியும் பெயரும் ஏறக்குறைய அதேபடி இருக்க உள்ளே மட்டும் மாறிய மாடல்கள் உண்டு.