வெளிநாட்டு வீட்டில் சிறு குழந்தைகளின் திரைக்கு ஒரு வேலி

முதலில், வீட்டுக் கருவிகளுக்கெல்லாம் இணையத்தைப் பகிரும் ரௌட்டர். அதன் அமைப்புப் பக்கத்தில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் சேவை) என்ற இடத்தில் 1.1.1.3, இரண்டாவதாக 1.0.0.3 என்று பதியுங்கள். கிளவுட்ஃப்ளேர் என்ற இணைய நிறுவனம் இலவசமாகத் தரும் இந்த முகவரிகள் ஆபாசத் தளங்களை வீடு முழுக்கத் தடுக்கும். ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரி முறையும் இயங்கினால் அதற்குரிய முகவரிகளையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் தடுப்பில் ஓட்டை விழும்.

நம் குடும்பங்களில் இது தோற்பது பெரும்பாலும், வேறு நாட்டிலிருந்து இணையம் பார்ப்பதுபோல் காட்டும் விபிஎன்னால்தான். ஊர்ச் சேனல்களுக்காக அதைப் போட்டதும், அந்தக் கருவி ரௌட்டரின் தடுப்பைத் தாண்டிவிடும். பார்த்து முடித்ததும் மறக்காமல் அணையுங்கள். கைபேசி டேட்டாவுக்கும் ரௌட்டர் காவல் கிடையாது.

யூடியூபுக்குள் எது தகும், எது தகாது என்று டிஎன்எஸ் பிரித்துப் பார்க்காது. யூடியூப் கிட்ஸில், பெற்றோர் அனுமதித்தவை மட்டும் தெரியும் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, சேனல்களை நீங்களே சேருங்கள். அப்போது தேடலும் நின்றுவிடும். பள்ளி செல்லாத வயதுக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை.

நெட்ஃப்ளிக்ஸில் பெரியவர்களின் ப்ரொஃபைல்களுக்கு 4 இலக்க ரகசிய எண் (பின்) போடுங்கள். குழந்தையின் ப்ரொஃபைலில் அடுத்த பகுதி தானாக ஓடுவதை நிறுத்துங்கள்.

வயது முத்திரைகள் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டன் திரையரங்குகளில் 12ஏ முத்திரை பெற்ற படத்துக்கு, பெரியவர் உடன் வந்தால் 12 வயதுக்குக் குறைந்த குழந்தையும் போகலாம். அமெரிக்காவின் பிஜி-13 பெற்றோருக்கான எச்சரிக்கை மட்டுமே. முத்திரையை மட்டும் நம்பாமல், வன்முறை எவ்வளவு என்று விவரத்தைப் படியுங்கள். கூடத்தில் பெரியவர்கள் போடும் தமிழ்ப் படங்களுக்கும் இதே கவனம் வேண்டும். வெட்டுக்குத்துக் காட்சிகளைக் குழந்தைகள் தூங்கிய பிறகு பாருங்கள்.