கொரியப் புலவரின் மலையை வாசிக்கும் முறை

சுங்கை சிப்புட்டில் செம்பனை வரிசைகளுக்கு மேலே கிழக்கில் நீண்டு கிடக்கும் தித்திவங்சா மலைத்தொடரைப் பார்த்து வளர்ந்த நமக்கு, கவிதையில் மலை வந்தாலே பள்ளியில் படித்த குறிஞ்சித் திணைதான் நினைவுக்கு வரும். ஜோசோன் அரச மரபு ஆண்ட காலத்துக் (1392–1910) கொரியக் கவிதையை எடுக்கும்போது முதலில் அந்தப் பழக்கத்தை ஒதுக்கி வையுங்கள். அங்கே கன்பூசியக் கல்வி கற்ற புலவருக்கு மலையும் நீரும் காதலர் கூடும் களம் அல்ல, தம்மைத் திருத்திக்கொள்ளும் இடம். அறிவுடையோர் நீரையும் அருளுடையோர் மலையையும் விரும்புவர் என்ற கன்பூசியஸின் கூற்றை அவர் இளமையிலேயே மனனம் செய்திருப்பார்.

மூன்றே அடிகள் கொண்ட சிஜோ வடிவத்திலிருந்து தொடங்குவது எளிது. கன்பூசிய அறிஞர் யி ஹ்வாங் 1565இல் இயற்றிய தோசான் பாடல்கள் பன்னிரண்டில் பதினொன்றாவதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பசுமலை எக்காலமும் பசுமையாய் இருப்பது எப்படி, ஓடும் நீர் இரவும் பகலும் நில்லாதது எப்படி என்று வினவிவிட்டு, நாமும் நில்லாமல் என்றும் பசுமையாய் இருப்போம் என்று அது முடிகிறது. மலையின் அழகைச் சொல்லும் பெயரடைகளைத் தேடாமல், மலையும் நீரும் இடைவிடாது செய்யும் செயலை அடிக்கோடிடுங்கள். பொருள் அதில்தான் இருக்கிறது. இன்னொரு ஜோசோன் புலவரான யூன் சோன்தோ நீர், பாறை, பைன், மூங்கில், நிலவு ஆகிய ஐந்தையும் நண்பர்கள் என்று பாடியதையும் இப்படியே வாசிக்கலாம். அவருடைய நிலவு எல்லாவற்றையும் பார்த்தும் வாய் திறவாதது.

அடுத்து, இடப்பெயருக்குப் பின்னால் வேறோர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கொரியக் கன்பூசிய அறிஞர் யி இ (1536–1584) கோசான் ஓடையின் ஒன்பது வளைவுகளைப் பாடியபோது, சீனத்து வூயி மலையின் ஒன்பது வளைவுகளைப் பாடிய சீனக் கன்பூசிய அறிஞர் ஜூ ஷியை (1130–1200) மனத்தில் வைத்திருந்தார். வூயியை எண்ணி அவரிடம் கற்பேன் என்று முதற்பாட்டிலேயே கூறுகிறார். ஈப்போ கல்லுமலைக் கோயிலில் காவடி இறக்கும்போது பழநியை மனத்தில் காண்பவர்களுக்கு இந்த இரட்டைப் பார்வை புதிதன்று.

ஆனால் எல்லாவற்றையும் அறவுரையாக மாற்றிவிடாதீர்கள். ஐந்தாம் வளைவில், கற்பிப்பதோடு நிலவையும் காற்றையும் பாடுவேன் என்றும் யி இ சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்த ஒன்பதாம் பாட்டில் ஆண்டு முடியப்போகிறது, விந்தையான பாறைகள் பனியில் புதைந்திருக்கின்றன, உலா வருவோரோ பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லி வராமலே இருந்துவிடுகிறார்கள். அதை இரண்டு முறை வாசியுங்கள்: முதல் முறை பனிக்காக, மறுமுறை அதன் அடியில் இருக்கும் பாறைகளுக்காக.