ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை வீட்டு வாசலிலேயே மாற்ற: அளவு பிசகாத தண்ணீர் பாட்டில் முறை

ஆட்டோமேட்டிக் காரில் கியர் ஆயில் மாற்றும்போது போல்ட்டைக் கழற்றுவது பெரிய வேலையே இல்லை. திரும்ப எவ்வளவு ஊற்றுவது என்பதில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இப்போது வரும் பெரும்பாலான கார்களில் கியர்பாக்ஸுக்கு டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) கிடையாது. ஆயில் குறைந்தால் ஏற்றத்திலும் வளைவிலும் பம்ப் காற்றை உறிஞ்சும், கியர் வழுக்கும். கூடினால் உள்ளே சுழலும் பாகங்கள் ஆயிலை மோர் மாதிரி கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் பிரஷர் நிற்காது, அப்போதும் வழுக்கத்தான் செய்யும்.

முதலில் உங்கள் கியர்பாக்ஸ் எந்த வகை என்று பாருங்கள். ஏஎம்டி என்றால் இந்தப் பதிவு உங்களுக்கு இல்லை; அதன் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். பெல்ட்டில் ஓடும் வகையான சிவிடிக்கு சிவிடி ஆயில் மட்டுமே போக வேண்டும். இரட்டை கிளட்ச் வகைக்கு ஆயிலும் முறையும் வேறு. இங்கே சொல்வது எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகைக்கு. அதிலும் ஹூண்டாய் 6 ஸ்பீடுக்கு எஸ்பி-4, டொயோட்டா இன்னோவா கிறிஸ்டாவுக்கு டபிள்யூஎஸ் என்று கம்பெனிக்குக் கம்பெனி ஸ்பெக் (ஆயிலின் தர விவரம்) மாறும். கடைக்காரர் "எல்லாத்துக்கும் ஒத்துவரும் சார்" என்று ஒரு டப்பாவை நீட்டினாலும், காரோடு வந்த மேனுவல் புத்தகத்தில் உள்ள ஸ்பெக் பெயர் டப்பாவின் பின்பக்கம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

"ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்ற பேச்சையும் முழுசாக நம்ப வேண்டாம். கியர்பாக்ஸ் செய்யும் இசட்எஃப் நிறுவனமே தன் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ. அல்லது 8 ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. தினமும் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாக பெங்களூரு நெரிசலில் ஊர்ந்து போகும் கார், சேலத்திலிருந்து ஆளும் சுமையுமாகத் தொப்பூர் ஏறும் கார் எல்லாம் கடினப் பயன்பாட்டுக் கணக்கில் வரும்.

ஆனால் கியர் ஏற்கெனவே வழுக்குகிறது, உதறுகிறது என்றால் ஆயிலை மாற்றிச் சரிசெய்யலாம் என்று இறங்காதீர்கள். முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

தேவையானவை

ஒரு சுற்றுக்கு ஸ்பெக் ஆயில் 5 லிட்டர், ட்ரெய்ன் போல்ட்டுக்கு (ஆயிலை வடிக்கும் அடிப்பக்க போல்ட்) புது வாஷர், சரியான அளவு சாக்கெட், டார்க் ரென்ச் (எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பானர்), தூக்கிய காரைத் தாங்க நான்கு ஜாக் ஸ்டாண்ட், அகலமான பேசின், ஒன்றரை மீட்டர் ட்யூப் மாட்டிய புனல். ஆயில் ஊற்றும் ஃபில் போல்ட் பக்கவாட்டில் இருந்தால் புனல் வேலைக்கு ஆகாது, டப்பாவில் மாட்டும் கை பம்ப் வேண்டும். கூடவே ஒரே கம்பெனியின் 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் பத்து. தண்ணீர் ஈரம் சொட்டுகூட இல்லாமல் காய வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுத்து அடியில் படுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஸ்டாண்டு இல்லையென்றால், பக்கத்து வாட்டர் சர்வீஸ் ரேம்பை ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கள்.

வடிப்பது

1. காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். சூடாக வடித்தால் நன்றாக வடியும் என்பார்கள், உண்மைதான். ஆனால் இங்கே குளிர்ந்த ஆயில்தான் வசதி. கை சுடாது, பாட்டில் நெளியாது, அளவும் ஏமாற்றாது. 25 டிகிரியில் இருக்கும் 5 லிட்டர் ஆயில் 80 டிகிரிக்குப் போனால் சுமார் 200 மில்லி உப்பும். சூடாக வடித்ததை அளந்து, ஆறின புது ஆயிலை அதே அளவு ஊற்றினால் பிசகு அங்கேயே தொடங்கிவிடும்.

2. ஃபில் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். இதை மட்டும் மறக்கவே கூடாது. அது துருப்பிடித்து வராமல் போனால் வண்டியை இறக்கிவிட்டு மெக்கானிக்கிடம் ஓட்டிப் போகலாம். எல்லாவற்றையும் வடித்த பிறகு அது வரவில்லையென்றால் கார் வாசலிலேயே நிற்கும்.

3. இப்போது ட்ரெய்ன் போல்ட். எஞ்சின் ஆயில் போல்ட்டும் பக்கத்திலேயே இருக்கும். குழம்பினால் எஞ்சினைக் காலி செய்துவிடுவீர்கள். முந்தின நாளே படத்தோடு ஒப்பிட்டு, பெயின்ட் பொட்டு வைத்துவிடுங்கள்.

4. அரை மணி நேரம் சொட்ட விடுங்கள். அதற்குள் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதைப் பாருங்கள். விபூதியைக் குழைத்தது மாதிரி சாம்பல் பசை ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம், துடைத்துவிடலாம். விரலில் குத்தும் இரும்புச் சீவல் இருந்தால் உள்ளே பாகம் உடைகிறது. ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது. இந்த இரண்டிலும் புது ஆயிலை வீணாக்காமல் அங்கேயே நிறுத்துங்கள்.

5. புது வாஷரோடு போல்ட்டை விரலால் சுற்றி ஏற்றி, மேனுவலில் உள்ள டார்க்குக்கு முறுக்குங்கள். வெளிக்கூடு அலுமினியம் என்பதால் நீளக் கம்பி மாட்டி அழுத்தினால் மரை போய்விடும்.

அளந்து ஊற்றுவது

பேசினில் வடிந்த பழைய ஆயிலைப் பாட்டில்களில் கழுத்து வளையம் வரை நிரப்பி வரிசையாக நிறுத்துங்கள். மூன்று நிரம்பி நாலாவது பாதிக்கு வந்தால் அங்கே மார்க்கரால் கோடு. பக்கத்தில் இன்னொரு வரிசை வைத்து, புது ஆயிலை அதே உயரத்துக்கு நிரப்புங்கள். தரையில் சிந்தியிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். ஊற்ற வேண்டியது இந்த இரண்டாவது வரிசையை மட்டும்தான். மெதுவாக ஊற்றுங்கள், அவசரப்பட்டால் ட்யூபில் காற்று அடைத்து ஆயில் மேலே பொங்கும்.

கடைசிச் சோதனை

பழைய அளவே தப்பாக இருந்திருந்தால் நீங்களும் அதே தப்பை ஊற்றியிருப்பீர்கள். அதனால் ஒரு முறையாவது சூட்டில் பார்க்க வேண்டும். இதற்குக் கார் மட்டமாக நிற்க வேண்டும். போர்ட்டிகோ தரையை மழைத்தண்ணீர் தெருவுக்கு ஓடும்படி வாட்டம் வைத்துத்தான் போட்டிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. கொத்தனார் ட்யூப் லெவலை வைத்து நான்கு ஜாக் பாயிண்டையும் பாருங்கள். தாழ்ந்த பக்கத்து ஸ்டாண்டை ஒரு பல் ஏற்றினால் போதும்.

ஹூண்டாய் 6 ஸ்பீடில் 700 மில்லி கூடுதலாக ஊற்றிவிட்டு, எஞ்சினை ஐடிலில் விட்டு, ஒருவர் பிரேக்கை அழுத்தியபடி கியர் லிவரில் பி-யிலிருந்து (பார்க்) டி (டிரைவ்) வரை நிதானமாகப் போய்வர வேண்டும். ஆயில் 50 முதல் 60 டிகிரிக்குள் இருக்கும்போது அளவு பார்க்கும் லெவல் போல்ட்டைத் திறந்தால் மிச்சம் வழியும். நூல் மாதிரி மெலிந்ததும் மூடுங்கள். சூடு எவ்வளவு என்பது, காரின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்க்கும் ஓபிடி ஸ்கேனரில் தெரியும். மற்ற கார்களுக்கு அவரவர் மேனுவல் சொல்லும் டிகிரிதான். 35 டிகிரியில் திறந்துவிட்டு "ஒன்றும் வரவில்லையே" என்று மேலும் ஊற்றுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. 80-ல் திறந்தால் தேவைக்கு மேல் வழிந்துவிடும். தர்மபுரி வெயிலில் ஏப்ரல் மதியம் தொடங்கினால் இந்தப் பத்து டிகிரி இடைவெளி சீக்கிரமே கடந்துவிடும். காலை வேலை என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு தடவையில் பாதி ஆயில்தான் வரும்; மீதி டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். ஒரு வாரம் ஓட்டிவிட்டுத் திரும்பச் செய்தால் 75 சதவீதம், மூன்றாவது முறையில் 87.5 சதவீதம் புது ஆயில் ஆகும். இரண்டு முறையே தாராளம். அடுத்த சுற்றில் சூட்டுச் சோதனை வேண்டாம், பாட்டில் வரிசை போதும்.

இரவில் அடியில் ஒரு அட்டை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு இருந்தால் வாஷரைப் பாருங்கள். பழைய ஆயிலை சென்ட்ரிங் பலகைக்குப் பூச யாராவது கேட்பார்கள். கொடுக்காமல், அந்தப் பாட்டில்களிலேயே மூடி, கழிவு ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிடுங்கள்.