நாஸ் பெட்டி உயிரை விட்டால்: டிஸ்க்கைக் கழற்றி ஃபைல்களை மீட்பது எப்படி

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்தது. காலையில் பார்த்தால் ஹாலில் இருந்த நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் ஃபைல் சேமிக்கும் பெட்டி) ஒரு லைட்டும் எரியவில்லை. பத்து வருடப் போட்டோக்கள், அப்பாவின் நிலப் பத்திர ஸ்கேன், எல்லாம் அதற்குள். பதற்றத்தில் பின்பக்கத்து ரீசெட் ஓட்டையில் ஊக்கை நுழைக்கப் போனேன். “முதல்ல காபியைக் குடிங்க” என்றாள் மனைவி. அந்தக் காபிதான் காப்பாற்றியது.

பெட்டி வேறு, டிஸ்க் வேறு. நாஸ் என்பது உள்ளுக்குள் லினக்ஸில் (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம்) ஓடும் ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான். அது செத்தாலும் டிஸ்க்கில் உள்ளவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். அவற்றை இன்னொரு லினக்ஸ் கம்ப்யூட்டரால் படிக்க முடியும்.

கழற்றுவதற்கு முன்

அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். அதே வோல்ட், அதே அளவு அல்லது கூடுதல் ஆம்பியர், அதே பின் உள்ள வேறொன்றைப் போட்டுப் பாருங்கள். பல பெட்டிகள் இதிலேயே எழுந்துவிடும். என்னுடையது எழவில்லை.

அதே கம்பெனியின் இன்னொரு பெட்டி கிடைத்தால் டிஸ்க்குகளை அதே வரிசையில் மாற்றிப் போடுவதுதான் சுலபம். ஆனால் “புதிதாக இன்ஸ்டால் செய்யவா?” என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

டிஸ்க்கைக் கழற்றும்போது

மார்க்கரால் 1, 2 என்று எழுதிவிட்டுக் கழற்றுங்கள். பிறகு உங்கள் ரெய்டு, அதாவது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஆள்கிற அமைப்பு, எது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ரெய்டு 1 என்றால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சரக்கு. ஒன்றே போதும், மற்றதை அலமாரியில் வைத்துவிடுங்கள். தப்பு நடந்தாலும் ஒன்று தொடாமல் இருக்கும். ரெய்டு 0 என்றால் ஃபைல் துண்டு துண்டாக இரண்டிலும் கிடக்கும், இரண்டும் வேண்டும். ரெய்டு 5இல் ஒரே ஒரு டிஸ்க் குறையலாம்.

3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை, சாதாரண யூஎஸ்பி போர்ட் தருவது 5 வோல்ட்தான். அதனால் தனி பவர் அடாப்டரோடு வரும் சாட்டா-யூஎஸ்பி இணைப்பியை வாங்குங்கள்.

செருகியதும் டக்… டக்… என்று சத்தம் வந்தால் உடனே கரண்டை எடுத்துவிடுங்கள். அது நம் கை வேலை இல்லை. தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிறுவனத்தின் வேலை. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

விண்டோஸில் செருகாதீர்கள்

இந்த டிஸ்க்குகளில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை பெரும்பாலும் இஎக்ஸ்டி4 அல்லது பிடிஆர்எஃப்எஸ். விண்டோஸுக்கு இரண்டும் புரியாது, “ஃபார்மட் செய்யவா?” என்று கேட்கும். தூக்கக் கலக்கத்தில் ‘ஓகே’ அழுத்தியவர்கள் உண்டு. ஒரு பென் டிரைவில் உபுண்டுவை (இலவச லினக்ஸ் வகை) ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள். ‘ட்ரை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், ‘இன்ஸ்டால்’ வேண்டாம்.

முதல் வேலை, ‘டிஸ்க்ஸ்’ செயலியில் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தரும் அறிக்கையை, திறப்பது. சில யூஎஸ்பி இணைப்பிகள் இதைக் காட்டாது. ‘ரீஅலொகேட்டட்’ (கெட்டு மாற்றப்பட்டவை), ‘பெண்டிங்’ (படிக்கத் திணறுபவை) செக்டர் எண்ணிக்கை பூஜ்யம் என்றால் நிம்மதி. பெண்டிங் ஏறியிருந்தால் ஃபைல்களை நேரடியாகத் தொடாமல், டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு அதே அளவோ பெரியதோ ஆன டிஸ்க்கில் முழு நகல் எடுங்கள். அது படிக்க வராத இடத்தைத் தாண்டிப் போய்க் கடைசியில் திரும்பி வந்து முயலும். மேப் ஃபைல் ஒன்றைக் கொடுத்தால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எது மூலம், எது நகல் என்று மூன்று முறை பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் கதை முடிந்தது.

திறப்பது

கட்டளைகளை ஒலிப்பில் எழுதுகிறேன். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ‘சூடோ’ என்றால் நிர்வாகி அதிகாரத்தோடு செய் என்று பொருள். ரெய்டைக் கையாளும் கருவியான எம்டிஏடிஎம் என்பது ஐந்து எழுத்து: எம், டி, ஏ, டி, எம். அது இல்லாவிட்டால் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எம்டிஏடிஎம்’. அப்புறம்:

சூடோ எம்டிஏடிஎம் --அசெம்பிள் --ஸ்கேன் --ரீட்ஒன்லி

இது ரெய்டைச் சேர்க்கிறது, எழுதவிடாமல் பூட்டியும் வைக்கிறது. ‘எல்எஸ்பிஎல்கே’ அடித்தால் எம்டி127 போன்ற பெயர்கள் தெரியும். சினாலஜி கம்பெனியின் நாஸ் பெட்டியில் முதல் இரண்டு பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பகுதி) அதன் சிஸ்டத்துக்கானவை. பெரிதாக இருப்பதுதான் உங்களுடையது. எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்துத் தரும் இன்னொரு அடுக்கு) என்று காட்டினால் ‘சூடோ விஜிசேஞ்ச் -ஏஒய்’ தேவைப்படும். அப்போது கீழே எம்டி127க்குப் பதில் எல்விஎம் தரும் பெயரைக் கொடுங்கள். ஃபைல்களைப் பார்க்கும்படி திறக்கும் (மவுண்ட் செய்யும்) கட்டளை இது:

சூடோ மவுண்ட் -ஓ ஆர்ஓ,நோலோட் /டெவ்/எம்டி127 /எம்என்டி

அந்த ‘நோலோட்’டில்தான் எனக்கு ஒரு மணி நேரம் போனது. கரண்ட் திடீரென்று போனதால் ஜர்னலில் (எழுதவேண்டியதைக் குறித்துவைக்கும் பதிவேடு) பாதி வேலை மிச்சம். மவுண்ட் செய்யும்போது இஎக்ஸ்டி4 அதை முடித்துவைக்கப் பார்க்கும். எழுத முடியாததால் அடம்பிடிக்கும். ‘நோலோட்’ சொன்னால் ஜர்னலை விட்டுவிட்டுத் திறக்கும். பிடிஆர்எஃப்எஸுக்கு இந்தச் சொல் கிடையாது, ‘ஆர்ஓ’ மட்டும் கொடுங்கள்.

நகலெடுக்கும்போது ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் பயப்படாதீர்கள். ஃபைல்கள் பழைய பெட்டியின் பயனர் பெயரில் இருக்கின்றன, அவ்வளவுதான். நகலெடுக்கும் கட்டளையான ‘சூடோ ஆர்சிங்க் -ஆர்டிவி’ அடித்து, அதன் பின்னால் மூல ஃபோல்டரையும் புது டிஸ்க்கையும் கொடுங்கள். சினாலஜியில் ‘@ஈஏடிர்’ என்ற ஃபோல்டர் எங்கும் கிடக்கும். பெரும்பாலும் குட்டிப் படங்கள்தான், விட்டுவிடலாம்.

ரெய்டு 1இல் கடைசிச் சில மாத ஃபைல்கள் மட்டும் காணோமா? அந்த டிஸ்க் எப்போதோ ரெய்டிலிருந்து விலகியிருக்கலாம். அலமாரியில் இருப்பதை எடுத்துப் பாருங்கள்.

எனக்கு ஒரு முழு ராத்திரி ஆனது. காலையில் அப்பாவின் பத்திரத்தைத் திறந்தேன். மூன்றாம் பக்கம் தலைகீழாக இருந்தது. அதற்கு டிஸ்க் பொறுப்பில்லை. அன்று நான் ஸ்கேன் செய்த அழகு அப்படி.