மரபணு மாற்றப் பயிர்: வாதாடும்போது எங்கே சறுக்குகிறோம்?

உடம்பில் பெரிய பெரிய கட்டிகளோடு ஓர் எலி. கீழே, ‘மரபணு மாற்ற மக்காச்சோளம் தின்றதால் வந்த வினை’ என்று ஒரு வரி. இந்த விவாதத்தில் மூக்கை நுழைத்தவர்களில் இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அதை ஆதாரமாகக் காட்டுவதுதான் முதல் தவறு.

பிரான்ஸில் செராலினி என்ற விஞ்ஞானியின் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில் இருந்து வந்தது அது. 200 எலிகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து இரண்டு ஆண்டுகள் தீனி போட்டார்கள். எடுத்ததோ ஸ்பிராக்-டாலி என்ற வகை எலி. எதைத் தின்றாலும் வயதாக ஆகக் கட்டி வருவது அதற்குச் சகஜம். சாதாரணத் தீனி தின்ற எலிகளுக்கும் கட்டி வந்தது. அவற்றின் படம் மட்டும் கட்டுரையில் இல்லை. ஒரு குழுவில் பத்தே எலி இருக்கும்போது, இங்கே ஐந்துக்கு வந்தது, அங்கே ஏழுக்கு வந்தது என்றால் அது தீனியாலா, தற்செயலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. 2013-இல், அதை வெளியிட்ட இதழே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. உடனே ஆதரவாளர்கள் ‘மோசடி’ என்று குதிப்பார்கள். அதுவும் தப்பு. இதழ் மோசடி என்று சொல்லவில்லை. எந்த முடிவுக்கும் வர இந்தத் தரவு போதாது என்றுதான் சொன்னது.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவது. ‘மரபணு மாற்றம் நல்லதா கெட்டதா?’ என்று யாராவது கேட்டால், எந்தப் பயிர், எந்த மரபணு என்று நான் திருப்பிக் கேட்பேன். புழுவைக் கொல்வதற்காக உருவாக்கிய பி.டி. பயிரில் இருப்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் புரதம். புழுவின் குடல் காரத்தன்மை உடையது. அங்கேதான் அந்தப் புரதம் உயிர்பெற்று, குடல் சுவரில் தனக்கென்று உள்ள இடத்தில் ஒட்டி ஓட்டை போடுகிறது. நம் வயிற்றில் இருப்பது அமிலம், ஒட்டிக்கொள்ள அந்த இடமும் இல்லை. இயற்கை விவசாயத்திலேயே இதே பாக்டீரியாவைப் பூச்சிக்குத் தெளிக்கிறார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

களைக்கொல்லியைத் தாங்கும் பயிரின் கதை முற்றிலும் வேறு. அங்கே கவலைப்பட வேண்டியது மரபணுவைப் பற்றி அல்ல, மேலே தெளிக்கும் மருந்தைப் பற்றி. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை ‘பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளது’ என்ற 2ஏ பிரிவில் வைத்தது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியும் அதே பிரிவில்தான் இருக்கிறது. எவ்வளவு உடலில் சேர்ந்தால் ஆபத்து என்பதை அந்தப் பிரிவு சொல்வதில்லை. அதே ஆண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அந்தச் சாத்தியம் குறைவு என்றது. தானியத்தில் மருந்தின் எச்சம் எவ்வளவு என்பது நியாயமான கேள்வி. ஆனால் அதே மருந்தை மரபணு மாற்றாத பயிர்களுக்கும் பயன்படுத்துகிறார்கள்.

‘மரபணுவைத் தின்றால் நம் மரபணு மாறிவிடும்’ என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கீரையில் இருந்து கறி வரை எல்லாவற்றிலும் மரபணு இருக்கிறது. காலங்காலமாகச் செரித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பாரம்பரிய முறையில் ரகங்களைக் கலந்து உருவாக்கினால் பாதுகாப்பானது என்று நம்புவதும் சறுக்கல்தான். லெனாபே என்ற உருளைக்கிழங்கு அப்படி உருவான ரகம். சிப்ஸ் போட அருமையாக இருந்தது. கிழங்கில் இயல்பாக ஊறும் சோலனின் வகை நச்சு அதில் மிக அதிகம் என்று தெரிந்ததும், 1970-இல் விலக்கிக்கொண்டார்கள்.

ஒவ்வாமை பயம் மட்டும் வெறும் கற்பனை இல்லை. கால்நடைத் தீவனத்தின் சத்தைக் கூட்ட, பிரேசில் நட்டின் மரபணு ஒன்றைச் சோயாவில் சேர்த்தது ஒரு நிறுவனம். அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாத ஒன்பது பேரின் ரத்தத்தை வைத்துச் சோதித்தபோது, எட்டுப் பேருடையது சோயாவில் புகுந்த புரதத்தை அடையாளம் கண்டுகொண்டது. 1996-இல் முடிவு வெளியானது. அந்தச் சோயா சந்தைக்கு வரவே இல்லை. ‘பார், ஒவ்வாமை வந்துவிட்டது’ என்பார் ஒருவர். ‘பார், சோதனை பிடித்துவிட்டது’ என்பார் மற்றவர். இரண்டும் சரி. இதை வைத்து அடுத்த பயிரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதை இருவருமே கவனிப்பதில்லை.

ஆதரவாளர்கள் அடிக்கடி தூக்கிக் காட்டுவது அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2016 அறிக்கையை. 900-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, புழக்கத்தில் உள்ள இந்த உணவுகள் மற்றவற்றைவிட ஆபத்தானவை என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது அது. கனமான முடிவுதான், நான் அதை ஏற்கிறேன். ஆனால் பல விலங்கு ஆய்வுகளின் வடிவமைப்பு செம்மையாக இல்லை என்றும் அதே அறிக்கை ஒப்புக்கொள்கிறது. இனி வரப்போகும் ரகத்துக்கு அது முன்கூட்டியே கொடுத்த சான்றிதழும் அல்ல.

சோதனைக்கூடம் சரியாகச் செய்தாலும் கிடங்கில் கோட்டை விடலாம். ஸ்டார்லிங்க் என்ற மரபணு மாற்ற மக்காச்சோளத்தின் புரதம் எளிதில் செரிக்காது, ஒவ்வாமை தரலாம் என்பதால், தீவனத்துக்கு மட்டும் அனுமதித்திருந்தார்கள். 2000-இல் அது மனிதர் தின்னும் டாக்கோ என்ற மக்காச்சோளப் பண்டத்தில் கிடைத்தது. கடைகளில் இருந்த சரக்கைத் திரும்ப அழைத்தார்கள். தின்றதால் ஒவ்வாமை வந்ததாகச் சொன்னவர்களின் ரத்தத்தைச் சோதித்ததில், யாருக்கும் அந்தப் புரதத்தால் ஒவ்வாமை வந்ததற்கான அடையாளம் இல்லை. ஆனால் தீவனச் சோளமும் சாப்பாட்டுச் சோளமும் தனித்தனியாகவே இருக்கும் என்று காகிதத்தில் எழுதிவைத்த நிபந்தனை, வயலிலும் கிடங்கிலும் நிற்கவில்லை.